கோவில் சுவர் பேசுவது

குற்றாலத்துக்குச் சாரலில் நனைய வருகிறவர்களில் பெரும்பாலோர் சித்திர சபையைப் பாராமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பது நமக்கு நெடுநாளாக உள்ள குறை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று அது. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் இரத்தினம், திருநெல்வேலியில் தாமிரம். குற்றாலத்திலோ வெறும் வர்ணம். சுவரில் தீட்டிய சித்திரமே அங்கே மூர்த்தி. ஆகவே, சுவரும் சமயம் பேசும் என்பதைத் தென்காசிச் சீமையாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கண்ணோடு கத்தோலிக்கக் கோவில் ஒன்றினுள் நுழைந்து பார்ப்போமாக. வாயிலருகே தீர்த்தத் தொட்டி. அதில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டே உள்ளே போகிறார்கள். இரு பக்கத்துச் சுவர்களிலும் கிறிஸ்துநாதர் சிலுவை சுமந்த கதை பதினான்கு படங்களாக வரும். எழுத்தறியாதவரும் நடந்தபடியே வாசிக்கத்தக்க புராணம் அது. சுரூபங்களைக் கையிலுள்ள பொருளைக் கொண்டே அறியலாம்: திறவுகோல் ஏந்தியவர் இராயப்பர், உடலெங்கும் அம்பு தைத்தவர் செபஸ்தியார், லீலி மலரும் குழந்தை இயேசுவுமாக நிற்பவர் அந்தோணியார். வேலைக் கண்டு முருகன் என்றும், சங்கு சக்கரத்தைக் கண்டு திருமால் என்றும் அறிகிற நமக்கு இது புதிய பாடமன்று. நற்கருணைப் பேழையின் அருகே அணையாமல் எரியும் விளக்கும் அப்படியே. மூலவர் உள்ளே இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

இவையெல்லாம் எந்தப் பங்குக் கோவிலிலும் காணக் கூடியவை. அம்பாசமுத்திரம், வள்ளியூர், பணகுடி வழியாகத் தெற்கே போனால் வடக்கன்குளம் என்ற ஊர் வரும். அங்கே 1872-ல் எழுந்த திருக்குடும்பக் கோவில் வேறெங்கும் இல்லாத ஒரு விசேஷத்தோடு கட்டப்பட்டது. விரித்த கவராயத்தைப் போல இரண்டு மண்டபங்கள்; இரண்டும் போய்ச் சேரும் முனையில் ஒரே பீடம். ஒரு மண்டபம் வேளாளர் முதலியோருக்கு, மற்றது நாடார் முதலியோருக்கு. நடுவே சுவர். பூசை செய்யும் குருவானவரை இரு திறத்தாரும் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது. சிற்பிக்குச் சாமர்த்தியம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? சூசையப்பர், தேவமாதா, திருக்குழந்தை மூவரும் ஒரு குடும்பமாக வீற்றிருக்கும் கோவிலுக்கு இப்படி ஒரு வரைபடம்!

மற்றக் கோவில்களில் சுவரின்மேல் படம் எழுதுவார்கள். இங்கே சுவரே படமாகிவிட்டது. பீடத்திலிருந்து எத்தனை பிரசங்கம் நடந்தால் என்ன? ஞாயிறு தோறும் குழந்தைகள் கற்ற முதற்பாடம் அந்தச் சுவர் சொன்னதுதான்.

1910-ல் பங்குக் குருவாயிருந்த சேசு சபையைச் சேர்ந்த கௌசானல் பாதிரியார் அச்சுவரை இடித்துத் தள்ளினார். மேல்சாதியார் என்று தம்மைக் கருதியவர்கள் பொறுப்பார்களா? சுவரைத் திரும்ப எழுப்பித் தர வேண்டுமென்று நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை ஹைகோர்ட்டு வரை போயும் வழக்குப் பலிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் ஹிந்து நேயர்கள் புன்னகை பூக்க அவசரப்பட வேண்டாம். சுவர் இடிவதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 1908-ல், கமுதிக் கோவில் வழக்கில் நாடார்கள் உள்ளே நுழையலாகாதென்று லண்டன் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் செய்தது. மதுரை மீனாக்ஷி சந்நிதியில் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8-ந் தேதி. வடக்கன்குளத்துச் சுவருக்கு இருபத்தொன்பது ஆண்டு பிற்பாடு!

அந்த ஊருக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது வடக்கன்குளத்தில்தான். சாதி பாராமல் எல்லோருடனும் பழகியவர் அவர். 1752-ல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கிலி பூட்டிய கைகளோடு முழந்தாளிட்டிருப்பவராக அவரைச் சித்திரிப்பது வழக்கம். இராயப்பருக்குத் திறவுகோல் எப்படியோ, இவருக்குச் சங்கிலி அப்படி. 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, நம்மவர் சிலர் விண்ணப்பித்ததன்பேரில், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. சுரூபத்தின் அடியில் இனித் தேவசகாயம் என்று மட்டும் எழுதினால் போதும்.