மூன்றாவது ஆளுக்கு ஒரு கைதட்டல்!



"ஏலே, சங்க மலர்ல போயி சினிமா பத்தியா எழுதப் போற?" என்று மலர்க்குழு அண்ணன் கேட்டார். ஆமாண்ணே என்றேன். "சரி எழுது, ஆனா உருப்படியா எழுது" என்று இடம் ஒதுக்கினார். உருப்படியா இருக்கா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படத்தின் பெயர் 'டாக் டே ஆஃப்டர்நூன்'. 1975-ல் வந்த அமெரிக்கப் படம். இயக்குநர் சிட்னி லூமெட். நடிப்பு அல் பசினோ. தலைப்பை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் சிரிப்புதான் வரும். நம்ம ஊர் பாஷையில் 'கத்திரி வெயில் மத்தியானம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டே பார்த்தோம்.

இது நிஜமாக நடந்த சம்பவம். 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு வங்கிக் கிளைக்குள் துப்பாக்கியோடு கொள்ளையர் புகுந்தார்கள். போலீஸ் சூழ்ந்துகொண்டது. ஊழியர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு சுமார் 14 மணி நேரம் பேரம் நடந்தது. இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையை வைத்து ஃபிராங்க் பியர்சன் திரைக்கதை எழுதினார். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

கதை இதுதான். சன்னி, சால், ஸ்டீவி என்று மூன்று பேர் வங்கியை மூடும் நேரத்தில் உள்ளே நுழைகிறார்கள். துப்பாக்கியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஸ்டீவி, "என்னால முடியாது" என்று கிளம்பிவிடுகிறான். பெட்டகத்தைத் திறந்தால் பணம் ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டது. மிச்சம் சுமார் 1,100 டாலர்! அதற்குள் வெளியே போலீஸ் படை. அப்புறம் நடப்பது முழுக்கப் பேச்சும் வியர்வையும்தான். தொடக்கத்தில் ஒரு பாட்டு வரும். அதற்குப் பிறகு நம்மைப் பயமுறுத்தப் பின்னணி இசை கிடையாது. ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

படம் முடிந்ததும் அறையில் ஒரே சண்டை! "சன்னிதாம்ல ஹீரோ" என்றார்கள் சீனியர் அண்ணன்கள். அவர்கள் சொன்ன நியாயம் இது. சன்னி வியட்நாம் போருக்குப் போய் வந்தவன். வேலை இல்லை. லியோன் பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றுதான் திருட வந்தான். வங்கி வாசலில் நின்றுகொண்டு "அட்டிகா! அட்டிகா!" என்று அவன் கத்தும்போது தெருவே ஆர்ப்பரிக்கிறது. அட்டிகா என்பது நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிறை. 1971 செப்டம்பரில் அங்கே கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். அது முடிவதற்குள் கைதிகளும் சிறை ஊழியர்களுமாக 43 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கோபம் ஆறாத ஊரில் ஒருத்தன் அந்தப் பெயரைச் சொன்னால் கூட்டம் கைதட்டாமல் என்ன செய்யும்?

அண்ணன்கள் சொல்வது பொய் இல்லை. வேலை இல்லாதவன் வேதனை எனக்கும் தெரியும். எங்கள் அப்பா லோடுமேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. துப்பாக்கி யாரைப் பார்த்து நீட்டப்பட்டது? முதலாளியைப் பார்த்தா?

இல்லை நண்பர்களே. கவுன்டரில் நிற்கும் சம்பளக்காரப் பெண்களைப் பார்த்து! சர்க்கரை வியாதிக்கார மேனேஜரைப் பார்த்து! ஆஸ்துமாவில் மூச்சுத் திணறும் காவல்காரரைப் பார்த்து! அந்தக் காவல்காரரை சன்னி இரக்கப்பட்டு வெளியே அனுப்புகிறான். அவரைத்தான் கொள்ளைக்காரன் என்று நினைத்துப் போலீஸ் முதலில் அமுக்குகிறது. அவர் கறுப்பினத்தவர். யார் எதற்காகச் சண்டை போட்டாலும் அடி யார்மேல் விழுகிறது பாருங்கள்!

நான் முதலாமாண்டு சேர்ந்தபோது பீஸ் கட்ட அம்மா தோட்டை அடகு வைக்க வங்கிக்குப் போனோம். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பாரத்தை எனக்கும் பூர்த்தி செய்யத் தெரியவில்லை. கவுன்டரில் இருந்த ஒரு அக்கா தன் சாப்பாட்டு நேரத்தில் எழுதிக் கொடுத்தார். படத்தில் அந்தப் பெண்கள் பயந்து நடுங்கியபோது எனக்கு அந்த அக்கா முகம்தான் வந்தது. அப்புறம் எப்படிக் கைதட்டுவது?

தெருவில் கைதட்டிய கூட்டத்தையும் நம்ப முடியாது. லியோன் விஷயம் வெளியே தெரிந்ததும் அதே கூட்டத்திலிருந்து கேலியும் கூச்சலும் கிளம்புகிறது. அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அறையில் ஆறு பேரும் சன்னியைப் பற்றிப் பேசினோம், சாலைப் பற்றிப் பேசினோம். முதல் சில நிமிடங்களில் வெளியே போன ஸ்டீவியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அவன் வரும்போது எல்லோரும் சிரித்தோம். வந்த காரில் திரும்பிப் போகாதே என்கிறான் சன்னி. "அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்று கேட்கிறான் ஸ்டீவி. "ரயில்ல போ" என்கிறான் சன்னி. நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் நானும் ஒரு ஸ்டீவி.

பத்தாவது பரீட்சை லீவில் நடந்தது. எங்கள் ஊரைச் சுற்றிலும் மின்சாரம் எடுக்கும் காத்தாடிகள் நிற்கின்றன. அதில் போகும் செம்புக் கம்பிக்கு நல்ல விலை. என் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். "ஏலே, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டே. சைக்கிளப் பாத்துக்கிட்டு நின்னா போதும். ஒரே ராத்திரி" என்றார்கள். எனக்கு அப்போது ஒரு செல்போன் மேல் ஆசை. கிளம்பிவிட்டேன். கம்மாய்க் கரை வரைக்கும் போனேன். அங்கே கால் ஓடவில்லை. வயித்த வலிக்கு என்று பொய் சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். "பயந்தாங்கொள்ளிப் பயலே" என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. மானம் போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து தூங்கவில்லை.

பத்து நாளில் அவர்கள் பிடிபட்டார்கள். ஒருத்தன் படிப்பு அதோடு நின்றது. இன்றைக்கும் கேஸுக்கு நடக்கிறான். காத்தாடிக்குக் காவல் இருந்த தாத்தா எங்கள் தெருக்காரர். அவருக்கு வேலை போனது. கம்பெனிக்குக் கம்பி போனது பெரிய நஷ்டம் இல்லை. தாத்தாவுக்குக் கஞ்சி போனது.

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்தது பயம்தான். அவர்களைத் தடுத்திருக்கலாம், தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டால் இந்த மலரில் என் எழுத்து வந்திருக்காது.

படத்தில் சாலுக்கு என்ன ஆனது? விமானம் ஏறி வெளிநாடு போய்விடலாம் என்று நம்பி விமான நிலையம் வரை போகிறான். அவன் அதற்கு முன் விமானத்தில் ஏறியதே இல்லை. ஏறாமலே காருக்குள் சுடப்பட்டுச் சாகிறான். அந்த வேடத்தில் நடித்த ஜான் கசாலுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. ஆனால் 1972-ல் நிஜமாகச் செத்தவன் இருபது வயதுகூட நிரம்பாத பையன். நம்ம வயசு, நண்பர்களே! நிஜ சம்பவத்திலும் மூன்றாவதாக வந்த ஒருத்தன் ஆரம்பத்திலேயே நழுவிப் போயிருக்கிறான். அவன் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கவில்லை.

நம்மில் பலருக்குக் கையில் காசு இல்லை. அரியர் வேறு. வேலை கிடைக்குமா என்ற கவலை வேறு. இந்த நேரத்தில்தான் "ஒரே ராத்திரி" என்று யாராவது கூப்பிடுவார்கள். கம்பியாக இருக்கலாம், மணலாக இருக்கலாம், கஞ்சாப் பொட்டலமாக இருக்கலாம். வேலை இல்லாத கோபத்தை அப்படித் தீர்க்க முடியாது. கேட்க வேண்டியதைச் சேர்ந்து நின்று, பகலில், பேர் சொல்லிக் கேட்கத்தான் சங்கம் இருக்கிறது.

எனவே அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்த்தால், கதவைத் திறந்துகொண்டு ரயிலுக்கு நடந்து போகிற அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவனுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் எவனாவது "என்னால முடியாதுடே" என்று சொன்னால் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடாதீர்கள். கூட எழுந்து அவனோடு நடங்கள்!

சிந்திப்போம்! சேர்ந்து நிற்போம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை