சட்டக் கல்வி: முடிவெடுக்க வேண்டிய காலம் எது?



ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. அந்த வாரத்தில் நம் வீடுகளில் நடைபெறும் ஆலோசனைகளைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் மருத்துவம், அடுத்துப் பொறியியல், அதன்பின் வணிகவியல். எதுவும் கைகூடாத நிலையில்தான், “சட்டம் படித்தால் என்ன?” என்று வீட்டில் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி எழும் நாளில், நாட்டின் முதன்மையான சட்டப் பல்கலைக்கழகங்களுக்குரிய நுழைவுத் தேர்வு முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

சட்டக் கல்வியை நம் சமுதாயம் கடைசித் தேர்வாக வைத்திருப்பது சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. முன்னதாகவே முடிவெடுத்தால், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையும் இத்துறையில் நுழைய முடியும். எப்போது, எப்படி என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் நமக்கு ஏன் தேவை?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் ஒப்பந்தத்தை எழுதி வைப்பதையும், எழுதுபவர் நேர்மையாக எழுதுவதையும், சாட்சிகளை அமர்த்துவதையும் பற்றிப் பேசுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ, நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு கட்டளையிடுகிறது. ஆவணமும் சாட்சியமும் நீதியும் மார்க்கத்திற்கு அயலானவை அல்ல.

நடைமுறைக்கு வருவோம். தலைமுறைகளுக்கு முன் வாய்மொழியாக வக்ஃபு செய்யப்பட்ட நிலத்தின் ஆவணங்கள் எங்கே என்று தேடும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் பல. 1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டமும், அதில் 2025இல் செய்யப்பட்ட திருத்தங்களும் என்ன சொல்கின்றன என்பதை வாசித்து விளக்க, எத்தனை மஹல்லாக்களில் ஒருவரேனும் இருக்கிறார்? தந்தை இறந்தபின் சகோதரிகளின் பங்கைக் கொடுக்காமலே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படும்போது, “இது மார்க்கத்திற்கும் மாறானது, சட்டத்திற்கும் மாறானது” என்று எடுத்துச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்? ஜீவனாம்சம் கோரிக் குடும்ப நீதிமன்றத்திற்குச் செல்லும் நம் சகோதரி, தன் வாழ்வின் மிக அந்தரங்கமான துயரத்தை முன்பின் அறியாத ஆண் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டிய நிலை மாற வேண்டாமா?

முன்னோர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். நாகூரைச் சேர்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கினார். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஆணையம் அவருடைய தலைமையில் அமைந்ததே. நீதிபதி பஷீர் அஹ்மத் ஸயீத் முஸ்லிம் பெண்களுக்காகச் சென்னையில் கல்லூரி கண்டார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பதவியேற்ற ஃபாத்திமா பீவி, பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். பத்தனம்திட்டாவில் பிறந்த அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தையே. இன்றைய தந்தைமார்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

தேர்வு எத்தகையது?

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வையே ‘கிளாட்’ என்கிறோம். 2008ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இத்தேர்வின் வழியாக, பெங்களூரு, ஹைதராபாத் முதலான இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். நம் திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். டில்லியிலுள்ள பல்கலைக்கழகம் மட்டும் ‘ஐலெட்’ என்ற தனித் தேர்வை நடத்துகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் பயின்றவரும் கிளாட் எழுதலாம். பொதுப் பிரிவினரும் ஓ.பி.சி. பிரிவினரும் 45 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால் போதும். வயது உச்சவரம்பு இல்லை. வினாக்கள் 120, மதிப்பெண் 120, நேரம் இரண்டு மணி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், அடிப்படைக் கணிதம் என ஐந்து பகுதிகள். கணிதம் பத்தாம் வகுப்பு அளவினதே; அதற்குரிய வினாக்களும் குறைவு.

சட்டம் அறிந்தவரே இத்தேர்வை எழுத முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் சட்டத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். அதில் ஒரு விதி இருக்கும். ஒரு சம்பவத்தைச் சொல்லி, அந்த விதியை அதற்குப் பொருத்தச் சொல்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘விற்பவர் பொருளின் குறையை அறிந்தே மௌனமாக இருந்து ஏமாற்றினால், வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம், ஆனால் சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தாலே அக்குறை தெரிந்திருக்கும் என்றால் ரத்துச் செய்ய முடியாது’ என்பது விதி. கண்ணாடி உடைந்த மோட்டார் சைக்கிளை ஒருவர் பகலில், நேரில் பார்த்தே வாங்குகிறார். வீட்டிற்கு வந்தபின் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். விற்றவர் குறையைச் சொல்லவில்லை என்று நம் மனம் வாங்கியவருக்காக இரங்கும். கொடுக்கப்பட்ட விதியின்படி அவர் ரத்துச் செய்ய முடியாது. சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கிவிட்டு, கொடுக்கப்பட்ட விதிக்குள் நின்று விடை காண்பதே இங்குச் சோதிக்கப்படும் திறன்.

மத்ரஸாவில் ஃபிக்ஹு பயின்ற பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதன்று. ஒரு சட்டத்தின் காரணத்தைக் கண்டு, அதே காரணம் உள்ள வேறொரு நிகழ்வுக்கு அச்சட்டத்தைப் பொருத்துவதைக் கியாஸ் என்று அவர்கள் படித்திருப்பார்கள். அவர்களுக்குத் தடையாக நிற்பது ஆங்கிலம் ஒன்றுதான்.

எப்படித் தயாராவது?

தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்திகளை வாசித்து, வினாவிற்குச் சராசரியாக ஒரு நிமிடத்தில் விடையளிக்க வேண்டும். ஆகவே இது பெருமளவில் வாசிப்புத் திறனுக்கான தேர்வு. வாசிப்புப் பழக்கம் மூன்று மாதப் பயிற்சியில் வந்துவிடாது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையிலிருந்தே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழ் வாசிக்கும் பிள்ளைக்கு, தேர்வுக்குள் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி கிட்டிவிடும். தலையங்கத்தை வாசித்து, ஆசிரியர் எதை நிறுவ முயல்கிறார், எந்தச் சான்றைக் காட்டுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள். நடப்பு நிகழ்வுகளுக்கான தயாரிப்பும் அதனுடனேயே நடந்துவிடும்.

மாதிரி வினாத்தாள்களையும் முந்தைய தேர்வுகளின் வினாத்தாள்களையும் கூட்டமைப்பின் இணையதளத்திலிருந்து பெறலாம். பயிற்சி நிலையத்தில் பெருந்தொகை கட்டினால்தான் வெற்றி என்பதில்லை. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் கடிகாரத்தை வைத்து ஒரு வினாத்தாளை எழுதி, தவறிய விடை ஒவ்வொன்றும் ஏன் தவறியது எனக் குறித்து வைப்பது பெரும் பயன் தரும். நான்கு தவறான விடைகள் ஒரு மதிப்பெண்ணை விழுங்கிவிடும் என்பதால், எந்த வினாவை விட்டுவிடுவது என்பதையும் பழக வேண்டும்.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளை இத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதற்காகவே 2010இல் ‘இடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார் பேராசிரியர் ஷம்னாத் பஷீர். கேரளத்தின் கொல்லத்தைச் சேர்ந்த அவர் 2019இல் காலமானார். அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது. தகுதியுள்ள பிள்ளைகளை அவ்வமைப்பின் பக்கம் திருப்பிவிடுவது நம் ஆசிரியர்களின் கடமை.

விண்ணப்பத்தில் கவனம்

அண்மை ஆண்டுகளாகக் கிளாட் டிசம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. விண்ணப்பிக்கும் காலம் அக்டோபர், நவம்பர் அளவிலேயே முடிந்துவிடுகிறது. எனவே குடும்பம் முடிவெடுக்க வேண்டிய காலம் பதினோராம் வகுப்பு.

சான்றிதழ்களை முன்கூட்டியே சரிபாருங்கள். நம் பிள்ளைகளின் பெயர் ஆதாரில் ‘முஹம்மது’ என்றும், மதிப்பெண் பட்டியலில் ‘முகமது’ என்றும், ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. கலந்தாய்வு நேரத்தில் அதைத் திருத்த அவகாசம் கிடைக்காது. தமிழ்நாட்டில் நமக்குரிய 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான பி.சி. முஸ்லிம் சான்றிதழ் வேறு. மத்திய அரசின் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. பின்னதற்குக் கிரீமிலேயர் வரம்பு உண்டு. இடஒதுக்கீட்டு விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால், விருப்ப வரிசையை நிரப்புமுன் ஒவ்வொன்றின் விதியையும் வாசிக்க வேண்டும்.

கிளாட்டில் இடம் கிடைக்காவிட்டால் சட்டக் கனவு முடிந்தது என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய ஊர்களின் அரசுச் சட்டக் கல்லூரிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டம் முடித்தவர்கள் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

தயக்கங்கள்

“வக்கீல் தொழில் பொய் சொல்லும் தொழில்” என்பது நம்மிடையே நிலவும் முதல் தயக்கம். சோதனைகள் நிறைந்த தொழில் என்பதை மறுப்பதற்கில்லை. நீதி வழங்கும் பொறுப்பின் கனத்தை அஞ்சியே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) காஜி பதவியை ஏற்க மறுத்தார்கள். அந்த அச்சம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் நீதிமன்றத்தை ஏமாற்றுவதையும் சாட்சியத்தை மறைப்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளே தடை செய்கின்றன. வணிகத்தில் பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக நாம் வணிகத்தைக் கைவிட்டதில்லை. இறையச்சமுள்ளவர்கள் விலகி நின்றால், அந்த இடம் இறையச்சமற்றவர்களுக்கே போகும்.

இரண்டாவது தயக்கம் வருமானம். தொடக்க ஆண்டுகள் கடினமானவையே. இளம் வழக்கறிஞர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் வழங்குமாறு 2024இல் பார் கவுன்சில் பரிந்துரைத்தது. அது எல்லா அலுவலகங்களிலும் நடைமுறையாகிவிடவில்லை. நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே படிப்புக்குப் பின்னும் சில ஆண்டுகள் பொறுமை தேவை. அந்தப் பொறுமையை மருத்துவ மேற்படிப்புக்குக் காட்டும் குடும்பம் இதற்கும் காட்டலாம்.

மூன்றாவது தயக்கம் செலவு. இதற்கான விடை பெற்றோரிடம் மட்டும் இல்லை. பல தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமே இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. கல்விக் கடனுக்கு வட்டி உண்டு. வட்டிக்கு அஞ்சி, கிடைத்த இடத்தைக் கைவிட நேரும் பிள்ளையிடம் “பொறுமையாயிருங்கள்” என்று சொல்லிவிட்டு ஜமாஅத் ஒதுங்கிவிடலாகாது. வட்டியை விலக்கச் சொல்லும் நாம்தான் வட்டியில்லாக் கடனுக்கும் வழி செய்ய வேண்டும். மஹல்லாவின் பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவருக்கு அழகிய கடன் கொடுத்தாலும், பத்தாண்டுகளில் பத்து மாணவர்களுக்குச் சட்டம் படிக்க வழி பிறக்கும். சம்பாதிக்கத் தொடங்கியபின் அவர்கள் திருப்பிச் செலுத்தும் தொகை அடுத்தவரைப் படிக்க வைக்கும்.

முடிவு வந்தபின் பொன்னாடை போர்த்தும் பாராட்டு விழாக்கள் நமக்குப் பழக்கமானவை. அதற்குச் செலவிடும் தொகையில் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, இரண்டு ஆங்கில நாளிதழ்களையும் பழைய வினாத்தாள்களையும் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு வழக்கறிஞரையோ சட்ட மாணவரையோ அழைத்துப் பேசச் செய்தால், விழா தேவைப்படும் பிள்ளைகள் தாமாகவே உருவாவார்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் அங்கே ஒதுக்கப்பட வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வாரமே இதுபற்றி அவரிடம் பேசுங்கள். விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். விருப்பமுள்ள பிள்ளைக்குக் காலம் கடந்தபின் வழிகாட்டுவதால் பயனில்லை. நீதிக்குச் சாட்சியாக நிற்கும் தலைமுறையை அல்லாஹ் நம் வீடுகளிலிருந்து எழச் செய்வானாக. ஆமீன்.