முத்திரை வேறு, மதிப்பு வேறு



நந்திதுர்க்கில் ஒரு லைன் வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு விதமான தாள்களைப் பார்க்கலாம். ஒன்று, தாத்தா பத்திரமாக வைத்திருக்கும் பழைய சுரங்க அடையாள அட்டை. மற்றொன்று, பேரன் வாங்கி வந்த பொறியியல் பட்டம். முதல் தாளுக்குச் சுரங்க வாயிலுக்கு வெளியே மதிப்பில்லாமல் போயிற்று. இரண்டாவது தாளுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால் வைத்த பிறகு, வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கி வேலை செய்தார்கள். பாறை எப்போது வெடிக்கும், எந்த இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர், வைண்டிங் எஞ்சின் டிரைவர் போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே சுரங்கச் சட்டப்படி தேர்வும் சான்றிதழும் இருந்தன. மற்றவர்களின் திறமை கையிலேயே இருந்தது, காகிதத்தில் ஏறவில்லை.

2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் பழகிய கைகள் பல, பெங்களூருக்கு ரயிலேறிக் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயின. திறமை இல்லாமலா போனார்கள்? இல்லை. அந்தத் திறமையை அடுத்த ஊர்க்காரன் நம்பும்படி எடுத்துச் சொல்ல ஒரு தாள் இல்லை. அவ்வளவுதான்.

இன்று நம் பிள்ளைகளிடம் தாள் இருக்கிறது. ஆனாலும் அதைப் பற்றிப் பெற்றோர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பட்டத்தின் மீது மாநில அரசின் சான்றொப்பமும், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் விழுந்துவிட்டால் வெளிநாட்டில் வேலை நிச்சயம் என்று நம்புகிறார்கள். முத்திரை வேறு, மதிப்பு வேறு. 2005ஆம் ஆண்டு முதல் இந்தியா வழங்கிவரும் அப்போஸ்டில் முத்திரை, அந்தத் தாளில் உள்ள கையெழுத்தும் பதவியும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. அந்த உடன்பாட்டில் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் தேவைப்படும். இவற்றில் எதுவுமே, படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்கு ஈடானது என்று சொல்வதில்லை. அதைச் சொல்பவர்கள் வேறு: செவிலியருக்கு அந்நாட்டுச் செவிலியர் மன்றம், பொறியாளருக்கு அந்நாட்டுப் பொறியாளர் அமைப்பு. கனடாவோ 2013 முதல், கூட்டாட்சித் திறன் தொழிலாளர் பிரிவில் குடியேற விண்ணப்பிக்கும்போதே வெளிநாட்டுப் படிப்பின் ஈட்டுமதிப்பு அறிக்கையைக் கேட்கிறது.

பொறியியல் படிப்பையே எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014இல்தான் முழு உறுப்பினர் ஆனது. அதனால் நம் நாட்டுப் பொறியியல் படிப்பு எல்லாமே உலகெங்கும் செல்லும் என்று பொருளல்ல. தேசிய அங்கீகார வாரியம் முதல் தரப் பிரிவில் அங்கீகரித்த படிப்புகளுக்குத்தான் அந்தச் சலுகை. அதிலும் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. நம் பிள்ளை சேரும் அந்தப் பாடப்பிரிவுக்கு, அந்த ஆண்டுகளில் இருக்க வேண்டும். நன்கொடை எவ்வளவு, விடுதி எப்படி என்று விசாரிக்கும் நாம், இந்த ஒரு கேள்வியைக் கேட்கிறோமா?

இன்னொரு தொல்லை தமிழர்களுக்கே உரியது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலையெழுத்துத்தான். பள்ளிச் சான்றிதழில் எம். செல்வம், கல்லூரியில் செல்வம் எம்., பாஸ்போர்ட்டில் செல்வம் மணி. நமக்கு மூவரும் ஒருவர். எங்கோ உட்கார்ந்து தாளை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு மூவரும் மூன்று பேர். விசா கைக்கு வரும் நேரத்தில் இதைத் திருத்த ஓடுவதைவிட, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதே கவனித்து எழுதுவது எளிது.

"எங்கள் படிப்பைச் சோதிக்க அவர்கள் யார்?" என்று கோபப்படுவோரும் உண்டு. அந்தக் கோபம் சரியல்ல. தன் மக்களுக்கு ஊசி போடுகிறவரின் கல்வியைச் சோதிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரம் அடங்கிய ஒன்டாரியோ மாகாணம், இந்தப் பதிவுமுறைகள் ஒளிவுமறைவற்றும் நியாயமாகவும் நடக்க வேண்டுமென்று 2006இல் ஒரு சட்டமே இயற்றியது. குறையை வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தால் சட்டம் பிறக்காது. சபையில் பேச வேண்டும்.

ஆகவே நம் சங்கங்களை ஒன்று கேட்கிறேன். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்துடன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விவரம் தெரிந்த இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வையுங்கள். மாணவர்களின் சான்றிதழ்களில் பெயர் ஒத்திருக்கிறதா, சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, போக நினைக்கும் நாட்டில் அந்தத் தொழிலுக்கு உரிமம் தருபவர் யார் என்று பார்த்துச் சொல்லட்டும். பட்டறையிலும் கட்டடத்திலும் தொழில் பழகிய இளைஞர்களையும் மறக்க வேண்டாம். பழகிய தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் மத்திய அரசின் திட்டம் 2015இல் தொடங்கியது. அதைப் பற்றி அறியாதவர் நம்மிடையே ஏராளம். அத்தகைய சான்றிதழை எந்த நாடு ஏற்கும், எது ஏற்காது என்பதையும் அந்த மேசையே விசாரித்துச் சொல்லலாம்.

நந்திதுர்க் தாத்தாவுக்குத் தொழில் தெரிந்திருந்தது, தாள் இல்லை. பேரனிடம் தாள் இருக்கிறது. அதன் மதிப்பு எதுவரை செல்லும் என்பது தெரியவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ள உதவுவது, அந்தத் தாத்தாக்களின் உழைப்பில் உட்கார்ந்து படித்த நம் கடமை.