செப்டம்பர் 3-இல் யார் பெயரை வாசிப்பது?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் குவாய் பாலத் திருவிழா நடக்கிறது. போன முறை போயிருந்தேன். இருட்டியதும் ஆற்றங்கரை நாற்காலிகளில் கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. ஒலிபெருக்கியில் விமான இரைச்சல். பாலத்தின் மேல் விளக்குகள் சிவந்தன. வெடி முழங்கி, ஆறு முழுவதும் புகை படர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் வாழைமரம் அச்சிட்ட பழைய பத்து வெள்ளி நோட்டு ஒன்று.

அது ஜாலான் சுங்கை பினாங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கும் பாட்டியுடையது. வயது 88. அவருடைய அப்பா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல், இந்தப் பாலம் இருக்கும் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையை ஜப்பானிய ராணுவத்துக்காகப் போடப் போனவர். திரும்பவில்லை.

"மூணு மாசம் வேலை, நாளைக்கு ஒரு வெள்ளின்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. இது முன்பணமா அம்மா கையில கொடுத்தது. அம்மா செலவே பண்ணல. ஜப்பான்காரன் போனதும் வெறும் தாளாப் போச்சு" என்றார் பாட்டி. பிறகு, "அங்கதானே போற தம்பி, அப்பா பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சுட்டு எடுத்துட்டு வா" என்றார்.

அப்பா பக்கம் எது? மறுநாள் விடிந்ததிலிருந்து அதைத்தான் தேடினேன்.

ஊர் நடுவில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வரிசை வரிசையாகப் பெயர், படைப்பிரிவு, வயது. புல்லை ஒட்ட வெட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, அவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்கள். செத்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் 415 கிலோமீட்டர் நீளப் பாதையைப் போட்டவர்களில் போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர்தான். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆசைகாட்டி அழைத்துப் போனது ஒருபுறம், இலவசப் படம் காட்டுகிறோம் என்று வரச்சொல்லி லாரியில் ஏற்றியது இன்னொருபுறம். சரக்குப் பெட்டியில் பான்போங் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ராணுவக் கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, இறந்தவர் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்து ஆட்களிடம் இது எதுவும் இல்லை. குழியில் போட்டு மூடினார்கள், எரித்தார்கள். பெயரை யாரும் எழுதவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. 1944-இல், பாதையைக் கட்டிய ஜப்பானிய ராணுவமே எழுப்பியது. அங்கே பல மொழிக் கல்வெட்டுகளுக்கு நடுவே தமிழும் இருக்கிறது. அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கள் ஆட்களைக் கொன்றவர்கள்தான் முதலில் அவர்களுக்குத் தமிழில் கல் வெட்டியிருக்கிறார்கள். அங்கே நோட்டை வைக்க மனம் வரவில்லை.

கடைசியில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வாட் தாவோர்ன் புத்த ஆலயத்துக்குப் போனேன். அங்கே அண்மையில் தமிழர்கள் ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் உறையை வைத்துக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் எங்கள் ஊரைப் பற்றித்தான் நினைப்பு. 1945 செப்டம்பர் 2 அன்று பினாங்குக் கடலில் நின்ற 'நெல்சன்' போர்க்கப்பலில் ஜப்பானிய ரியர் அட்மிரல் உவோசுமி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் பிரிட்டிஷ் மரைன் படை ஜார்ஜ் டவுனில் இறங்கியது. சிங்கப்பூருக்கும் முன்னால், மலாயாவிலேயே முதலில் மீட்கப்பட்டது பினாங்குதான். ஆனாலும் தேசிய நாளான ஆகஸ்ட் 31-க்கும் மலேசிய நாளான செப்டம்பர் 16-க்கும் இடையில் அந்த செப்டம்பர் 3 எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாமல் கடந்து போகிறது.

நான் 'மீட்பு' என்கிறேன். 'விடுதலை' என்று சொல்ல வாய் வருவதில்லை. 1941 டிசம்பரில் குண்டு விழுந்த சில நாளில் வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு ஊரைக் கைவிட்டுப் போனது இதே பிரிட்டிஷ் அரசுதான். கோட்டையில் அவர்கள் விட்டுச் சென்ற கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர், இலங்கைத் தமிழர் சரவணமுத்து. ஊரில் படை இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவரும் அவர்தான். அந்த மனிதரின் துணிச்சலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டாமா?

தமிழர்களின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அதே ஆண்டுகளில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களும் ஏராளம். அந்தப் பெருமையைப் பேசும்போது ஜப்பான் நண்பன். சயாமைப் பேசும்போது எமன். அண்ணன் படையில், தம்பி ரயில் பாதையில் என்று ஒரே வீட்டில் இரண்டும் நடந்ததை நான் பதிவு செய்திருக்கிறேன். இரண்டையும் ஒரே மேடையில் சொல்லும் தெம்பு நமக்கு வர வேண்டும்.

விழா எடுப்பது பினாங்குக்குப் புதிதல்ல. உலக மரபுரிமை அங்கீகாரம் கிடைத்த ஜூலை 7-ஐ ஒட்டித் தெருவெல்லாம் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. செப்டம்பர் 3-க்கும் ஒரு காலைப் பொழுது ஒதுக்கலாம். வெடியும் புகையும் வேண்டாம். எஸ்பிளனேட் திடலில் ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி போதும். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரட்டும். தங்கள் வீட்டு ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, இந்த மூன்றையும் வாசிக்கட்டும். சீனர்களும் மலாய்க்காரர்களும் தங்கள் வீட்டுப் பெயர்களோடு வரட்டும். வாசித்ததை ஒருவர் எழுதிவைக்கட்டும். அப்பாவைப் பார்த்த ஞாபகம் உள்ள பிள்ளைகள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். இதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

ஊர் திரும்பிய அன்று மாலை நோட்டைப் பாட்டியிடம் கொடுத்தேன். உறையைப் பிரித்து, நோட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்பா பேரைச் சத்தமாச் சொன்னியா தம்பி?"

மனசுக்குள்தான் சொன்னேன் என்றேன்.

(கட்டுரையாளர், பினாங்கில் வாய்மொழி வரலாறு திரட்டி வருபவர்)