இதுவும் எம்.பி.பி.எஸ்.தான்!

எம்.பி.பி.எஸ். என்றால் டாக்டர் படிப்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கும் அதே எழுத்துதான்! ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் ஓடுகிறது என்கிற கணக்கு அது. இந்த எம்.பி.பி.எஸ். புரியாததால்தான் பல குடும்பங்கள் ரவுட்டர் வாங்கப் போய், கடைக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிட்டு வருகின்றன.

‘ஹெல்த் பத்திரிகையில் ரவுட்டருக்கு என்ன வேலை?’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

கீழே அப்பா, அம்மா. மாடியில் அண்ணன் குடும்பம். பின் போர்ஷனில் தம்பி குடும்பம். ஒரே ஃபைபர் கனெக்‌ஷன், பில்லை மூன்றாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், ராத்திரி எட்டு மணி ஆனால் போதும்... ‘மாடியில யாரு படம் டவுன்லோட் பண்றது?’ என்று கீழேயிருந்து ஒரு குரல். ‘நாங்களும்தான் பணம் கட்டறோம்!’ என்று மேலேயிருந்து பதில். பிரஷர் ஏறுவதற்கு ஊறுகாய் மட்டுமா காரணம்?

இந்தச் சண்டைக்கு மருந்து, கொம்பு கொம்பாக ஆன்டெனா முளைத்த பத்தாயிரம் ரூபாய் ரவுட்டர் அல்ல என்பது என் கட்சி. சாதாரண விலையில் ஒன்று, சரியான இடம், வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம். இந்த மூன்றும் போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தெளிவான படம் ஒன்று ஓட சுமார் 5 எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும். வீடியோவில் பேச அதைவிடவும் குறைவு. ஒரே நேரத்தில் ஆறு பேர் பார்த்தாலும் 30-ஐத் தாண்டாது. நீங்கள் கட்டுவதோ 100 எம்.பி.பி.எஸ். திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது? பெரும்பாலும் குற்றவாளி சுவர்தான். இல்லாவிட்டால் பழைய பெட்டி.

பெட்டியின் அட்டையில் 1500, 3000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிச் சொல்கிற கணக்கு. ஒரு போனுக்கு அவ்வளவும் கிடைக்காது. அது மட்டுமல்ல, கம்பெனி கொடுப்பது 100 என்றால், எந்த ரவுட்டரை மாட்டினாலும் இன்டர்நெட் 100-ஐ மீறாது. அரை அங்குலக் குழாயில் பெரிய ஷவரை மாட்டினால் அருவியா கொட்டும்?

கடைக்குப் போவதற்கு முன் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ‘நீங்க வெச்ச பெட்டியிலேயே 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கா?’ இருந்தால், புதிதாக வாங்கவே வேண்டியதில்லை. இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரலாம். இல்லையென்றால்தான் ரவுட்டர். இன்னொன்று... ஃபைபர் இழை சாதாரண ரவுட்டரில் நேராக நுழையாது. கம்பெனிப் பெட்டியிலிருந்து ஒரு நெட்வொர்க் ஒயர் மூலம்தான் ரவுட்டருக்கு வரும். பழைய டெலிபோன் லைனுக்கான மோடத்தைத் தலையில் கட்டப் பார்த்தால் ஏமாறாதீர்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். முதலாவது சுவர் தாண்டும், வேகம் குறைவு. அடுத்தது வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒயர் சொருகும் துளைகள் ‘ஜிகாபிட்’டாக இருக்கட்டும்; பழைய வகை என்றால் 200 எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பணம் கட்டினாலும் 100-க்குள்தான் வரும். மூன்று குடும்பத்தின் போன், டி.வி., லேப்டாப் எல்லாம் சேர்ந்தால் இருபதைத் தாண்டிவிடும். அத்தனையையும் ஒரே நேரத்தில் சமாளிக்க ‘வைஃபை 6’ நல்லது. இதெல்லாம் சேர்ந்தே சுமார் 2,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். மூன்றாகப் பிரித்தால், ஒரு நாள் ஓட்டலுக்குப் போகிற செலவு!

வாங்கியாச்சு. எங்கே வைப்பது? டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், மீன் தொட்டி பக்கத்தில்... இதெல்லாம் கூடவே கூடாது. உலோகமும் தண்ணீரும் அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது என்பதால், கிச்சன் ஓரமும் வேண்டாம். வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், திறந்த அலமாரியில் வையுங்கள். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போகணுமா? ஒரு நெட்வொர்க் ஒயரை மேலே இழுத்து, பழைய ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’டாக மாற்றி மாட்டச் சொல்லுங்கள். விலை உயர்ந்த ஆன்டெனாவைவிட இந்த ஒயர் உங்களுக்கு விசுவாசமாக உழைக்கும்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களின் பயம். ‘ரவுட்டர் பக்கத்துல படுத்தா கேன்சர் வருமாமே?’

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்தது உண்மை. ‘இருக்கலாம், ஆனால், ஆதாரம் போதாது’ என்கிற பட்டியல் அது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது! ரவுட்டர் வெளியிடும் அலையின் சக்தி பொதுவாக ஒரு வாட்டுக்கும் குறைவு. நாலடி தள்ளிப் போனாலே அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். ‘கதிர்வீச்சைத் தடுக்கும்’ என்று விற்கிற ஸ்டிக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது நிஜமாகவே தடுத்தால், வைஃபையும் சேர்ந்தல்லவா நின்றுபோகும்?

நான் பயப்படுவது அலைக்கு அல்ல, ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் எரிகிற வெளிச்சத்துக்கு! இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பெரிய பிள்ளைகளுக்கும் தூக்கம் கெட்டால் படிப்பு, பசி, கோபம் எல்லாமே கெடும். பல ரவுட்டர்களில், எந்தப் போனுக்கு எத்தனை மணி வரை என்று நேரம் குறிக்கும் வசதி உண்டு. நான் கேட்டால், ஆன்டெனாவை விட்டுவிட்டு இந்த வசதியைப் பார்த்து வாங்குங்கள் என்பேன். ‘மொபைல் டேட்டா இருக்கே?’ என்பீர்கள். பத்தரை மணிக்கு எல்லாப் போனும் ஹால் மேஜையில் தூங்கட்டும். அப்பாவின் போனும் சேர்த்துத்தான்!

பலரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். கரன்ட் போனாலும் போன் பேசலாம். ஃபைபரில் வருகிற லேண்ட்லைன் அப்படி இல்லை. கரன்ட் போனால் ஊமையாகிவிடும். செல்போன் சிக்னல் சரியாக எட்டாத வீட்டில், நெஞ்சுவலி என்று 108-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது? ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். கம்பெனிப் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து மாட்டுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ஆடம்பரம் இல்லை, முதலுதவிப் பெட்டி மாதிரி.

கடைசியாக அந்த ஒப்பந்தம். விருந்தாளிக்கும் குடித்தனக்காரருக்கும் ‘கெஸ்ட்’ வைஃபையைத் தனியாகக் கொடுங்கள். யாராவது ஏடாகூடம் செய்தால், முதல் கேள்வி கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தாத்தா வீடியோவில் டாக்டரிடம் பேசுகிற நேரம், பிள்ளைகளின் பரீட்சை நேரம்... இவற்றுக்குத்தான் முன்னுரிமை என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். குழாயடியில் யார் முதலில் குடம் வைப்பது என்று அந்தக் காலத்தில் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள்தானே நாம்? வைஃபைக்கு மட்டும் முடியாதா என்ன?