சம்மதப் பத்திரம் கேடயமாகுமா?

இந்நாட்டின் தண்டனைச் சட்டத்தை வகுத்தவர்கள் ஆயுதப் பயிற்சியை மறந்துவிடவில்லை என்பது நம் தற்காப்புக் கலை ஆசான்களில் பலர் அறியாத செய்தி. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 87-ஆம் பிரிவாக விளங்கி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 25-ஆம் பிரிவாக இடம் பெயர்ந்திருக்கும் விதிக்குச் சட்டமே காட்டும் உதாரணம், பொழுதுபோக்காக வாள் பழகும் இருவரைப் பற்றியது. விளையாட உடன்பட்ட மாத்திரத்திலேயே, விளையாட்டின் போக்கில் வஞ்சனையின்றி நேரும் காயத்துக்கும் அவர்கள் உடன்பட்டவர்களாகிறார்கள் என்றும், நேர்மையாக ஆடியவன் கையால் எதிரிக்கு அடிபட்டால் அவன் குற்றவாளியாகான் என்றும் அது சொல்லுகிறது. இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், தம் களத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும், 'எது நேர்ந்தாலும் ஆசிரியர் பொறுப்பல்லர்' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்கி, அவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். இரவில் நன்றாக உறங்குகிறேன் என்றும் என்னிடம் சொன்னார்.

அவருடைய உறக்கத்தைக் கலைப்பது இவ்வுரையின் நோக்கம். ஏனெனில், அப்பிரிவு கணக்கில் கொள்வது 18 வயதைக் கடந்தவரின் சம்மதத்தை மாத்திரமே. நம் களங்களிலோ மாலை வேளையில் வரிசை கட்டி நிற்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். மேலும், மரணமோ கொடுங்காயமோ விளையக்கூடும் என்று அறிந்தே செய்த செயலுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. சட்டம் அங்கே மன்னிப்பது கம்பை வீசியவனை. களத்தை நடத்தியவனை அன்று. நடத்தியவனுடைய அஜாக்கிரதையால் உயிர் போனதென்று நிரூபணமானால், அவனைத் தேடி வருவது வேறொரு பிரிவு. பழைய சட்டத்தில் 304-ஏ என்று பெயர் பெற்று இரண்டாண்டுச் சிறையோடு நின்ற அது, புதிய சட்டத்தில் 106-ஆம் பிரிவாகி ஐந்தாண்டு வரை நீள்கிறது. தகரப் பெட்டிக்கு அதைத் தடுக்கும் வலிமை இல்லை.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான், என் பொறுப்பைச் சட்டப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவன் அல்லேன். 1996-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், கோலார் தங்கவயலை அடுத்த இதே பேத்தமங்களாவில் பாலாற்று ஏரிக்கரையை ஒட்டிய களத்தில் நான் சிலம்பம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, 14 வயதுப் பையன் ஒருவன் எதிர்க்கம்பு நெற்றிப் பொட்டில் பட்டு உட்கார்ந்துவிட்டான். கண் சற்றே கலங்கிற்று. கோலி சோடா வாங்கிக் கொடுத்தோம்; முகம் கழுவிக்கொண்டான்; "இன்னும் ஒரு ஆட்டம் ஆடறேன் வாத்தியாரே" என்று கம்பை எடுத்தான். அவனுடைய தைரியத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசையில் நான் சரி என்றேன். அன்றிரவு அவன் மூன்று முறை வாந்தி எடுத்தான், பேச்சுக் குழறிற்று. தகப்பனார் தங்கச் சுரங்கத்தில், அண்டர்கிரவுண்டில் நைட் ஷிப்டு. தாயும் அண்டை வீட்டாரும் வாடகைக் கார் தேடி அலைந்து, விடியுமுன் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் தலைவலியின் காரணமாக அவ்வாண்டுப் பரீட்சை எழுதவில்லை.

நாலைந்து நாள் கழித்துத் தகப்பனார் என்னைப் பார்க்க வந்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், கோபிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "மைன்ஸ்ல ஒரு கல்லு பேத்துக்கிட்டு விழுந்தா, யாரு ஷிப்டு, யாரு பொறுப்புன்னு சாயங்காலத்துக்குள்ள பேர் தெரிஞ்சுடும். உங்க களத்துக்கு மேனேஜர் யாரு வாத்தியாரே?" என்று கேட்டார். அதற்கு நான் அளித்த பதில் ஒன்றும் நினைவில் இல்லை. பதில் அளிக்காமலே இருந்திருக்கவும் கூடும்.

கோலார் தங்கவயல் மனிதர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. பாறை தானாக வெடித்துச் சிதறும் அபாயத்தோடு அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளிகள் ஜீவித்தார்கள். அவர்களுடைய உயிர் முழுவதும் பாதுகாக்கப்பட்டதென்று சொல்ல என் நா எழாது. சிலிக்கோசிஸ் நோயால் நெஞ்சு வறண்டு மாண்டவர்களை இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு லைன் வீடும் அறியும். ஆயினும் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இரண்டு காரியங்களைத் திட்டமாகச் சொல்லிற்று. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தகுதி பெற்ற மேனேஜர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது ஒன்று. மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால் அதை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது மற்றொன்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த இரண்டு விதிகளின் சாரத்தை அவற்றின் வாசலிலிருந்து நாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை.

2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த கிக்பாக்சிங் போட்டி ஒன்றில், மைசூரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் தலையில் அடிபட்டு மேடையிலேயே சாய்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். களத்தில் உயிர் காக்கும் ஏற்பாடுகள் போதிய அளவு இல்லை என்று அவருடைய தந்தை புகார் கொடுக்க, போலீசார் அஜாக்கிரதையால் விளைந்த மரணம் என வழக்குப் பதிவு செய்தனர். அடுத்த மாதமே சென்னையில் நடந்த தேசியப் போட்டியில், அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் அடிபட்டு மாண்டார். இவர்கள் வயது வந்தவர்கள்; அபாயத்தை அறிந்தே மேடை ஏறியவர்கள். நம் பிள்ளைகளுக்கோ பத்து வயது, பன்னிரண்டு வயது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம் பெற்ற பின்பு, பதக்கம் வேண்டும் என்ற ஆவல் பெற்றோருக்கும் பிறந்திருக்கிறது. அலங்கார வீச்சோடு நின்ற பிள்ளைகளைத் எதிரியைக் கம்பால் தொட்டு ஆடும் தொடுமுறைக்கு அவசரமாக இறக்கும்படி நம்மை வற்புறுத்துகிறார்கள்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் தேசத்தின் சரித்திரம் சாட்சி. 1882-இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவைப் போல ஒழுக்கத்துக்கும் மரியாதைக்கும் பேர்போன வித்தை மிகச் சில. ஆயினும் 1983-க்குப் பிறகு மூன்று தசாப்தங்களுக்குள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பயின்ற மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள் என்பதை, ரியோ உச்சிடா என்ற சமூகவியல் அறிஞர் பள்ளி விபத்துக் காப்பீட்டுப் பதிவுகளைப் புரட்டி வெளிப்படுத்தினார். மாண்டவர்களில் பலர் விழும் முறையையே செவ்வனே கற்றிராத முதலாண்டுப் பிள்ளைகள். எறியப்பட்டுத் தலை மோதி, மூளை உறைக்கடியில் இரத்தம் கட்டி இறந்தவர்கள் பலர். ஒவ்வொரு பள்ளியும் அதைத் தன் வீட்டுத் துரதிருஷ்டமாக எண்ணிப் புதைத்தது. ஒன்றாகச் சேர்த்து எண்ணிய பின்பே அது விதியன்று, கற்பித்தலின் பிழை என்று புலனாயிற்று. 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைகள் கட்டாயப் பாடமானபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் குரலும் உடன் எழுந்ததால் விதிகள் இறுகின. சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

தலையில் அடிபட்டவனைப் பற்றி மருத்துவ உலகம் இன்று சொல்வதை நான் 1996-இல் அறிந்திருந்தால் கோலி சோடாவோடு நின்றிருப்பேன். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட பொதுக் கருத்துப்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரனை உடனே வெளியேற்ற வேண்டும். அன்றைய தினம் அவன் மீண்டும் இறங்கலாகாது. பிறகு சிறு நடை, மிதமான பயிற்சி, தனியாக வீச்சு, அடி படாத கூட்டுப் பயிற்சி எனப் படிப்படியாக ஏற்றி, ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு நாள் விட்டு, மருத்துவரின் அனுமதிக்குப் பின்னரே எதிரியோடு நிறுத்த வேண்டும். நினைவு தப்பினால்தான் மூளைக்கு அடி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது பெரும் பிழை. விழித்திருப்பவனுக்கும் மூளை அதிரும். சற்று நேரம் தெளிவாகப் பேசிவிட்டுப் பின்பு மயங்குகிறவனே மிகுந்த அபாயத்தில் இருப்பவன். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பவன், வெளிச்சத்துக்குக் கண் கூசுபவன், வாந்தி எடுப்பவன், நடை தள்ளாடுபவன் ஆகியோரை அறிந்துகொள்ள ஆசானுக்கு வைத்தியப் பட்டம் வேண்டுவதில்லை. தன் வித்தையைக் காட்டிலும் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு நிமிஷம் அதிகமாகப் பார்த்தால் போதும்.

நெஞ்சில் விழும் அடியும் அத்தகையதே. இருதயம் துடிக்கும் தாளத்தில் கணத்துக்கும் குறைந்த ஓர் இடைவெளியில் அடி சரியாக விழுந்துவிட்டால், எலும்பு முறியாமலே, காயம் தெரியாமலே, நல்ல ஆரோக்கியமுள்ள பையன் சரிந்து விழுந்து இருதயம் நின்றுவிடக்கூடும். வளரும் பருவத்துப் பையன்களுக்கே இது மிகுதியாக நேர்கிறது. நெஞ்சுக் கவசம் இதை முற்றும் தடுப்பதில்லை. உடனே நெஞ்சை அழுத்தி இருதயத்தை இயக்கத் தொடங்குவதும், மின் அதிர்ச்சிக் கருவி கைக்கெட்டுவதுமே பிழைக்க வைக்கின்றன. கழியும் ஒவ்வொரு நிமிஷமும் உயிர்க்கணக்கில் கழிகிறது.

நம் முன்னோர் இதை முற்றிலும் அறியாதவர்கள் என்று எவரும் எண்ண வேண்டா. குமரி மாவட்டத்து ஆசான்களின் மரபில் வர்மங்கள் 108. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அம்மரபில் அடிக்கும் முறையோடு இளக்கும் முறையும் பிரிக்க இயலாத பாடம். எழுப்பத் தெரியாதவனுக்குச் சாய்க்கும் இடத்தைக் காட்டுவது குருத்துரோகத்துக்குச் சமானம் என்று ஆசான்கள் கருதினார்கள். ஆசானே வைத்தியன். காலப்போக்கில் நாம் முதற்பாதியை மாத்திரம் மேடைக்குக் கொண்டுவந்து, மறுபாதியை ஏட்டுச்சுவடிக்கே விட்டுவிட்டோம். அதற்காக, தலையில் இரத்தம் கட்டியவனைத் தடவிக்கொடுத்து எழுப்ப முயலும் நண்பர்களை நான் ஆதரிப்பதாக நினைக்கலாகாது. நூற்றெட்டு வர்மம் அறிந்தவர் 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையும் அறிந்திருப்பது நலம். அதைத்தான் முதலில் பிரயோகிக்க வேண்டும். பேத்தமங்களாவிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தலையைத் திறந்து சிகிச்சை செய்ய வல்ல மருத்துவமனை எங்கே இருக்கிறது, எத்தனை நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதைப் போட்டிக்கு முந்தின நாள் விசாரித்து எழுதி வைக்காதவர் போட்டி நடத்த அருகதையற்றவர் என்பது என் துணிபு.

எடைப் பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு, தண்ணீர் மறுத்து, வெயிலில் ஓடவிடும் வழக்கத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1997-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் அதனால் மாண்டார்கள். அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்த விதிகள் உடனே மாறின. பயிற்சி விரிப்பைத் துடைக்காமல் படர்தாமரையை ஒரு பிள்ளையிலிருந்து பத்துப் பிள்ளைகளுக்குப் பரப்பும் சோம்பலுக்குச் சோப்பும் வெயிலுமே மருந்து.

சொல்லக் கூசும் விஷயம் ஒன்று உண்டு. கூச்சத்தால் சொல்லாமல் விடுவதே அதற்கு உரமாகிறது. நம் கலையில் ஆசான் பிள்ளையின் உடலைத் தொட்டே கற்பிக்கிறான். தோளை நிமிர்த்துகிறான், இடுப்பைத் திருப்புகிறான். அந்த உரிமையைத் துஷ்பிரயோகம் செய்தவர்கள் கைது செய்யப்பட்ட செய்திகளை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு அத்தகைய தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் அறிவித்தே ஆகவேண்டும் என்கிறது. ஸ்தாபனத்தின் தலைவர் தமக்குக் கீழ் உள்ளவருடைய குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'சங்கத்தின் பெயர் கெடும்' என்று கமிட்டியில் பேசித் தீர்ப்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதுங்கள். தனி அறையில் தனிப் பாடம் வேண்டா. பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பார்க்கத் தடை வேண்டா.

பையனின் தகப்பனார் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு களத்திலும் ஒவ்வொரு வகுப்பிலும், 'இன்று பொறுப்பு' என்று ஒருவருடைய பெயர் பலகையில் எழுதப்பட வேண்டும். கமிட்டியின் பெயர் அன்று, சங்கத்தின் பெயர் அன்று, ஒரு மனிதருடைய பெயர். 'போதும்' என்று அவர் சொன்னால் தலைமை ஆசானும் கம்பைத் தாழ்த்த வேண்டும். அவர் முதலுதவி பயின்றவராக இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். இது ஆசானின் மதிப்பைக் குறைக்கும் என்று சிலர் எனக்குக் கடிதம் எழுதப்போவதை அறிவேன், அவற்றையும் வெளியிடுவோம்.

அடுத்த இதழ் முதல் இப்பத்திரிகையில் ஒரு பக்கம் அக்குறிப்பேடுகளில் பதியும் காயக் குறிப்புகளுக்காக ஒதுக்கப்படும். பிள்ளையின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டா. வயது என்ன, எந்த வீச்சில் எங்கே அடிபட்டது, எத்தனை நிமிஷத்தில் உதவி வந்தது, எத்தனை நாள் கழித்துக் களம் இறங்கினான் என்ற விவரங்கள் போதும். முதற்குறிப்பை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: வயது 14, நெற்றிப் பொட்டு, உதவி வந்தது ஏறத்தாழ பத்து மணி நேரம் கழித்து, களம் இறங்கியது அடிபட்ட ஐந்தாம் நிமிஷம், ஆசிரியருடைய அனுமதியின் பேரில்.