பந்துக்கு முன்னால் வந்த கேமரா

கோடம்பாக்கத்தில் பூஜை போட்டதோடு நின்றுபோன படங்களுக்குக் கணக்கே இல்லை. போஸ்டரில் பெரிய பெயர்கள் இருந்தால் மட்டும் படம் ஓடிவிடாது என்பது இங்கே டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். 2011-இல் ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கை அறிவித்த அமெரிக்கர்களுக்குத்தான் தெரியவில்லை.

போஸ்டர் என்னவோ பிரமாதம். பயிற்சியாளர் மைக் டிட்கா, முன்னாள் வீரர் கர்ட் வார்னர், நடிகர் மார்க் வால்பெர்க், இந்திய வம்சாவளி வீரர் பிராண்டன் சில்லர் எல்லோரும் முதலீட்டாளர்கள். களமிறங்கியவர்களோ ரக்பியிலிருந்தும் கபடியிலிருந்தும் வந்தவர்கள். பலர் அந்த முட்டை வடிவப் பந்தை அதற்குமுன் தொட்டதில்லை. 2012-இல் நடந்த முதல் சீசன் கொழும்பில் ஆடப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, பிறகு டென் ஸ்போர்ட்ஸில் ஒளிபரப்பானது. இறுதிப் போட்டியில் புனே மராத்தாஸ் 6-0 என்று டெல்லி டிஃபெண்டர்ஸை வென்றது. புனேக்காரர்கள் தங்கள் ஊரில் அந்த அணியைப் பார்க்கவே இல்லை. இது லீக் அல்ல, ஷூட்டிங்.

இந்த ஆட்டத்தின் தாய்வீட்டிலேயே சிறு லீக்குகள் பிழைப்பது கஷ்டம். எக்ஸ்எஃப்எல் 2001-இல் ஒரே சீசனோடு மூடப்பட்டது. 2019-இல் ஏஏஎஃப் எட்டே வாரத்தில் பணமின்றி நின்றது. ஆனால் அங்கே தீர்ந்தது பணம், ரசிகர் இருந்தார். இங்கே ரசிகரே இல்லை.

2014-இல் வந்த புரோ கபடியும் டி.வி.க்காகச் செய்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூச்சடக்கிப் பாடிப் போவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்த ஆட்டத்துக்கு டி.வி. மெருகு போடும். தெரியாத ஆட்டத்தை அதனால் நட முடியாது. 2025-இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது சென்னை புல்ஸ். சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெல்மெட், தோள் கவசம், அணிக்குப் பதினொரு பேர், 120 கஜ மைதானம் என்று பார்த்தால் கோடம்பாக்கம் டிரஸ்ட்புரம் மைதானத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கிரிக்கெட்டுக்கே இடமில்லை! ஆனால் இதன் தம்பியான ஃபிளாக் ஃபுட்பாலுக்குக் கவசம் வேண்டாம், முட்டி மோதல் கிடையாது. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆட்டம் நிற்கும். அணிக்கு ஐந்து பேர், 70 கஜ நீளம், 25 கஜ அகலம் போதும். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் அது இருக்கிறது.

அடுத்து லீக் தொடங்க வருகிறவர்கள் நட்சத்திரங்களைத் தேடுவதற்கு முன், மாநகராட்சிப் பள்ளி பி.டி. மாஸ்டர்களிடம் பத்துப் பந்துகளைக் கொடுத்துவிட்டு ஐந்து வருடம் காத்திருக்கட்டும். கேமராவை அதற்குப் பிறகு கொண்டுவரலாம்.